கேளாமல் கட்டை நடாத யோகமலர்

மணியை அழுத்திவிட்டு மூன்று படி இறங்கி நிற்பாள் யோகமலர். படி இல்லாத வீடென்றால் மூன்று எட்டுப் பின்வாங்கி நிற்பாள். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் கமெராவுக்கு முகம் முழுதாகத் தெரியவேண்டுமாம். பாதி நரைத்த தலை, குளிரில் சிவந்த மூக்கு, அதில் ஒற்றைக்கல் மூக்குத்தி, கையில் நிலம் குத்துகிற ஐந்தடி அலவாங்கு. இரும்போடு நிற்கிற பெண்ணைக் கண்டு யார்தான் ஓடிவந்து கதவைத் திறப்பார்கள்? திறக்காவிட்டால் என்ன, அவள் நிற்பாள். திறந்ததும் ஒரே கேள்விதான்.

“முத்தத்தில கட்டை ஒண்டு நடவேணும். நடட்டா?”

வீடு விற்பனைக்கு என்று பலகை தொங்குமே, வெள்ளைப் பெயின்ற் அடித்த கட்டையில், அதை நடுவதும் வீடு விற்றதும் பிடுங்குவதும்தான் அவளுடைய தொழில். பலகை முகவருடையது. முற்றம் வீட்டுக்காரருடையது. கட்டை அவளுடையது. வீட்டுக்காரர் கையெழுத்து வைத்துக் கொடுத்த பிறகுதான் அவளுக்கே தகவல் வரும். பிறகென்ன கேள்வி என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான். “கையெழுத்து வச்சவர் வேற. கதவு திறக்கிறவர் வேற.”

களுவாஞ்சிக்குடியில் பிறந்தவள், கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. தொழில் முதலில் கணவர் தவமணியுடையது. ஏழு வருடத்துக்கு முன் அவருக்கு வலது தோள் விட்டுப்போனது. வைத்தியர் இனிச் சுத்தியல் தூக்கக்கூடாது என்றார். அலவாங்கு கை மாறியது, வான் வண்டியின் சாவி அவரிடமே தங்கிவிட்டது. அவள் குத்துவாள், அவர் வானுக்குள் இருப்பார். போகிற வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? “அன்ரியை வேலைக்கு விட்டிட்டு நீங்கள் ஹீற்றர் காயிறியளோ, அங்கிள்?” என்று கண்ணாடியைத் தட்டுவார்கள். அவர் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, “நான் டிரைவர் மனே. அவதான் முதலாளி” என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிவிடுவார்.

அந்த முதல் வருடம் அவளும் கேட்காமல்தான் நட்டாள். வோபர்னில் ஒரு வீடு. கட்டையை நிமிர்த்திப் பலகையைக் கொழுவிக்கொண்டிருந்தபோது, பஸ்ஸால் இறங்கி இரண்டு கையிலும் மரக்கறிப் பைகளோடு ஒரு பெண் வந்தாள். அந்த வீட்டுப் பேஸ்மென்ற்றில் குடியிருந்தவள். “அக்கா, வீடு மாறி நடுறியள்” என்றாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். யோகமலர் காகிதத்தை எடுத்து இலக்கத்தைக் காட்டினாள். அந்தப் பெண் இலக்கத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பைகளைக் கீழே வைக்காமலே படியில் உட்கார்ந்தாள். தான் இருந்த வீடு விற்பனைக்கு வந்ததை அவள் கட்டையைப் பார்த்தே அறிந்தாள். அன்றைக்குப் பிடித்த பிடிதான் இது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவள் யோகமலர். நாலாவது காலை நீங்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கமாட்டாள்.

மாசி மாதத்து ஸ்காபரோ நிலத்தை யாராவது குத்திப் பார்த்ததுண்டா? கோயில் மணிபோலச் சத்தம் எழுப்பிவிட்டு அலவாங்கு கைக்கே திரும்பி வரும். அதனால் பனிக்காலத்துக் கட்டைகளை நிலம் இறுகுவதற்கு முன்பே நட்டு முடித்துவிடுவாள். தப்பித்தவறிப் பிறகு ஒன்று வந்தால், சுடுதண்ணீர்ப் போத்தலும் பொறுமையும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் உறையாத மண் ஒரு சாண் உண்டு, அது அவளுக்குத் தெரியும். உடுப்பு உலர்த்தும் மெசினின் சூடு வெளியே வருகிற குழாய்க்குக் கீழே. அங்கே மாசியிலும் புல் பச்சையாக நிற்கும். அயல் பூனைகளுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த இடம்.

இந்த நிலைமையில்தான் மாகாணத் தேர்தல் வந்தது, அதுவும் நடுப் பனியில்.

ஸ்ரீஸ்கந்தராசாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். யோகமலருக்கு ஸ்ரீ அண்ணை. வீடு விற்கும் முகவர். அவளுடைய கட்டைகளில் பாதிக்கு மேல் தொங்குவது அவருடைய முகம்தான். பலகையில் தலைமயிர் கறுப்பு, ஆளில் மயிரே குறைவு. நல்ல மனிதர். தவமணியின் தோள் விட்டுப்போன கிழமை மற்ற முகவர்கள் வேறு ஆள் தேடியபோது, “யோகமே நடட்டும், நான் குடுக்கிறன்” என்றவர் அவர் ஒருவர்தான். அவள் வாயில் வருகிற “மறுகா”வைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு. யாழ்ப்பாணத்தார் பிறகு என்பதை மட்டக்களப்பார் மறுகா என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் சிரிப்பார்.

முகவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தேர்தல் வந்தால் தொகுதிக்கு ஒருவரைத் தெரிவுசெய்து, இவரை நாங்கள் ஆதரிக்கிறோம் என்று அறிவிக்கும். இந்தத் தொகுதியில் வீடு வாங்குகிறவர்களின் வரியைக் குறைப்பேன் என்ற ஒருவரைத் தெரிவுசெய்தார்கள். தெரிவுசெய்த குழுவில் ஸ்ரீ அண்ணையும் இருந்தார். ஊதா நிறப் பலகையில் வேட்பாளரின் முகம், அதற்குக் கீழே சங்கத்தின் ஆதரவு பெற்றவர் என்ற வரி. முப்பத்திரண்டு பலகைகளைக் காரில் கொண்டுவந்து, பலசரக்குக் கடை வாசலில் வைத்து யோகமலரின் வானுக்கு மாற்றினார்.

“யோகம், நிலம் கல்லாக் கிடக்கு. மற்ற ஆக்கள் பனிக் குவியலில குத்தினதெல்லாம் விழுந்துபோச்சு. உன்ர கட்டை முப்பத்திரண்டு என்ர பலகையோட நட்டபடி நிக்குது. அதுகளில கட்டிவிட்டாச் சரி. வெள்ளிக்கிழமை நான் படம் எடுத்துக் கொமிட்டிக்கு அனுப்போணும்.”

“கட்டலாம் அண்ணை. கேட்டுப்போட்டுக் கட்டுறன்.”

“ஆரைக் கேக்கிறது? வீட்டுக்காரர் எல்லாரும் என்ர ஆக்கள்.”

“வீட்டுக்காரர் உங்கட ஆக்கள்தான். உள்ளுக்க இரிக்கிறவங்களைக் கேக்கணுமே.”

“விக்கிற பலகைக்குக் கேக்கிறாய், சரி, அது உன்ர குணம். உது ரெண்டு கிழமையில கழட்டுற பலகை!”

“ரெண்டு கிழமைக்கும் அந்த முகத்தில முழிக்கிறது அவங்கதானே அண்ணை.”

ஸ்ரீ அண்ணை தவமணியைப் பார்த்தார். தவமணி ஹீற்றரைப் பார்த்தார்.

மூன்று நாள் தட்டினாள். வேட்பாளர்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. “ஆள் நல்லவர்போலத்தான் இரிக்கு, பல்லு வடிவா இரிக்கு” என்று பலகையைத் துடைத்துத் துடைத்துத்தான் கொண்டு போனாள். கஸ்பர் என்று ஒரு மன்னார்க்காரர், “கட்டுங்கோ தங்கச்சி. ஆனா முகம் ரோட்டைப் பாக்கட்டும், என்ர சாப்பாட்டு மேசையைப் பாக்கக்கூடாது” என்றார். அப்படியே திருப்பிக் கட்டினாள். ஒரு வீட்டில் கணவன் ஓம் என்றான், மனைவி இல்லை என்றாள். இருவரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வரும்வரை பனியில் நின்றாள், இல்லை என்று வந்தது, நன்றி சொல்லிவிட்டு வந்தாள். பதினொரு வீட்டில் ஆளே இல்லை.

“வெறும் வீடுதானே, கட்டிப்போட்டு வா கா” என்றார் தவமணி.

“வெறும் வீடு வோட்டுப் போடாது” என்றாள்.

மூன்றாம் நாள் கடைசியாக ஒரு மூலை வீடு. மேல் வீடு காலி, சொந்தக்காரர் இருப்பது விட்பி என்ற பக்கத்து ஊரில். பக்கக் கதவால் இறங்கினால் பேஸ்மென்ற்றில் துஷானி. இங்கேயே பிறந்தவள், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. யோகமலர் பலகையைக் காட்டிக் கேட்டாள்.

“சொரி அன்ரி, எனக்கு இவர் வேண்டாம்” என்றாள் துஷானி. “பட், நீங்கள் கேட்டதே பெரிய விசயம். வீடு பாக்க வாற ஆக்கள் ஒருத்தரும் கேக்கிறேல்ல. ஸ்ரெயிற்றா என்ர கட்டில் வரைக்கும் வந்து நிக்கினம்.”

“சரி மகள். வாறன்.”

“அன்ரி, ஒரு நிமிசம்.” உள்ளே ஓடினாள். வேறொரு பலகையோடு வந்தாள், வேறொரு வேட்பாளர், ஒரு பெண். “நான் இவவுக்குத்தான் வேலை செய்யிறன். ரெண்டு தரம் ஸ்னோவில குத்தினன், ரெண்டு தரமும் விழுந்திட்டுது. வீடு வித்தா அறுபது நாளில எழும்பிப் போகச் சொல்லுவினம். அதுவரைக்கும் இது என்ர வீடுதானே? உங்கட கட்டையில கட்டலாமோ?”

யோகமலர் முன்பக்கக் கட்டையை எட்டிப் பார்த்தாள். அதில் ஸ்ரீ அண்ணை கறுப்புத் தலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

“அதில அவரிட முகம் இரிக்கு மகள். கீழ இவவைக் கட்டினா அவர் சொன்ன மாதிரி ஆயிடும். அவரைக் கேக்காம அது ஏலாது.” பக்கச் சுவரில் இருந்த குழாயைக் கண்டாள். அதற்குக் கீழே புல் பச்சையாக நின்றது. பஸ் தரிப்பிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கம். “வேற கட்டை ஒண்டு நடட்டா?”

“நிலம் ஐஸ் அன்ரி!”

“உடுப்புக் காயப்போடுற மெசினைப் போடு. ரெண்டு தரம் ஓடட்டும். நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்.”

“காயப்போட ஒண்டும் இல்லையே, நேற்றுத்தான் தோய்ச்சனான்.”

“துவாயை நனைச்சுப் போடு கா!”

வானுக்குள் ஏறியதும் தவமணி கேட்டார். “மறுகா, ஸ்ரீ அண்ணைக்கு என்ன சொல்லுற?”

“கேட்டா, நடந்ததைச் சொல்லுவன்.”

“முப்பத்திரண்டு கட்டையும் போயிடும். தெரியுமே?”

அவள் தேநீர்க் கடைப் பக்கம் கையைக் காட்டினாள். திரும்பி வரும்போது அவரே சொன்னார். “பின்னுக்குப் பழைய கட்டை ஒண்டு கிடக்கு. அதை எடு. புதுசைக் கொண்டுபோய் அந்தச் சூட்டுக்க நட்டா வெடிச்சிடும்.”

குழாய் புகைந்துகொண்டிருந்தது. யோகமலர் அலவாங்கை ஓங்கி இறக்கினாள். முதல் குத்துக்கு நாலு விரல், ஐந்தாம் குத்துக்கு ஒரு முழம். முற்றம் சொந்தக்காரருடையது என்பார்கள், சரிதான். ஆனால் அந்தப் பனிக்காலம் முழுக்க அந்த முற்றத்தில் பனி தள்ளியவள் துஷானி. கட்டை நிமிர்ந்தது, பலகை ஏறியது. துஷானி படம் எடுத்தாள். துவாய் காய்ந்துவிட்டதென்று மெசின் கத்திக் கூப்பிட, உள்ளே போனாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீ அண்ணையின் கார் வந்து நின்றது. கையில் கைபேசி. வழி நெடுகப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். முன்பக்கத்தில் தன் முகத்தைப் பார்த்தார். பக்கச் சுவரோரம் மற்ற வேட்பாளரின் முகத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“பதினாலுதான் கட்டியிருக்கு, யோகம்.”

“ஏழு வீட்டில வேணாம் எண்டாங்க அண்ணை. பதினொரு வீட்டில ஆளில்லை. நாளைக்கும் தட்டுவன்.”

“உது?”

“இது இந்தப் பிள்ளையிட. முதல் உங்கட ஆளுக்குத்தான் கேட்டனான். வேணாம் எண்டிட்டா.”

“அந்தக் கொமிட்டியில நான் ஒருத்தன்தான் தமிழன், தெரியுமோ? முப்பத்திரண்டு நிக்கும் எண்டு வாய்விட்டிட்டன். இனி அவையின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?”

“உங்களுக்காக மூண்டு நாள் கதவு தட்டினன் அண்ணை.”

“தட்டச் சொல்லி ஆர் கேட்டது?”

தவமணி வானின் கண்ணாடியை முழுதாக இறக்கினார். ஹீற்றரின் சூடெல்லாம் வெளியே போனது. அவர் கவனிக்கவில்லை.

ஸ்ரீ அண்ணை கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். குளிரில் அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. “வேண்டாம் யோகம். எனக்குச் சொன்னதைச் செய்யிற ஆள் வேணும். என்ர பலகை எல்லாத்தையும் கழட்டித் தா, வேற ஆக்களைப் பாக்கிறன். உந்த வீட்டிலயிருந்தே தொடங்கு. இப்பவே.”

“ஓம் அண்ணை” என்றாள் யோகமலர்.

வானைத் திறந்து ஸ்பானரை எடுத்தாள். அலவாங்கைத் தோளில் வைத்தாள். முன்பக்கக் கட்டையை நோக்கி நடந்தாள். அதைத் தாண்டினாள். சுவரோரமாகச் சுற்றிப் பக்கக் கதவுக்குப் போனாள். மணியை அழுத்தினாள். அங்கே படி இல்லை. மூன்று எட்டுப் பின்வாங்கினாள். ஸ்ரீ அண்ணை காரின் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்க, கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கமெரா இல்லாத அந்தக் கதவுக்கு முகத்தைக் காட்டியபடி நின்றாள்.