நான் எழுதிக் கொடுத்த பாவங்கள்

இரண்டாயிரத்து ஆறில் துபாயில் நான் சேஃப்டி அசிஸ்டென்ட். பாவம் எழுதுவதுதான் அப்போது என்னுடைய முக்கியமான வேலை. மாதம் பத்துப் பாவங்கள், வேறு வேறு பேனாவில், வேறு வேறு கையெழுத்தில்.

காரணம் எங்கள் சைட்டின் சேஃப்டி மேனேஜர். ஆங்கிலேயர், நல்ல மனிதர். அவர் காலை நான் மிதித்தால் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பார். கடவுள் நம்பிக்கை துளியும் இல்லை என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். தாத்தா போதகராக இருந்தாராம். இவரோ கல்யாணத்துக்குப் பிறகு சர்ச் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லையாம். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை சிவப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் மாட்டச் சொன்னார். மேலே ஒரு துவாரம், பக்கத்தில் வெள்ளை அட்டைகள். வேலையில் தப்புச் செய்தவர்கள் அதை எழுதிப் போட வேண்டும். பெயர் வேண்டாம், தண்டனை கிடையாது, ஒப்புக்கொண்டவருக்கு நன்றிதான் சொல்வோம் என்றார். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து வந்த நானூறு பேர் முன்னால் நின்று நான் இதைத் தமிழிலும் அரைகுறை இந்தியிலும் சொன்னேன். நானூறு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஸ்டோர் கீப்பர் மட்டும் பெட்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். அவர் தூத்துக்குடிக்காரர், கத்தோலிக்கர்.

"வே, இது எங்க கோயில்ல உள்ள பாவசங்கீர்த்தனம்லா? அங்க சாமியார் காதுல விழுந்தது வெளிய போவாது. இங்க சாவி ஃபோர்மேன் கையில கெடக்கு" என்றார்.

எங்கள் ஊர் நடைமுறையே வேறு. தப்புச் செய்தால் மொட்டை போடுவோம், ராமேஸ்வரத்தில் முங்கி எழுவோம். என்ன தப்பு என்று சாமி கேட்பதும் இல்லை, நாங்கள் வாய் திறப்பதும் இல்லை. சாமிக்கே சொல்லாததை ஒரு மேனேஜருக்கு எழுதிக் கொடுப்பார்களா?

முதல் மாதம் பெட்டியைத் திறந்தோம். ஒரு லீவு விண்ணப்பம் இருந்தது. மெஸ் சாம்பாரைப் பற்றி இரண்டு பக்கக் கண்டனம் இருந்தது. யாரோ காணிக்கையாக ஒரு திர்ஹம் வேறு போட்டிருந்தார்கள். மேனேஜர் என்னைத் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, ஆட்கள் தன்னை நம்பவில்லை, இது தன்னுடைய தோல்வி என்று வருந்த ஆரம்பித்துவிட்டார். தப்பையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்ளும் மேலதிகாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. தாங்க முடியவில்லை. அன்றைக்கே ரூமுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன்.

ஹெல்மெட்டைக் கழற்றி அதில் வெங்காயம் வாங்கி வந்தேன். சேஃப்டி பெல்ட் மாட்டாமல் ஏணி ஏறினேன். எச்சரிக்கைப் பலகையின் நிழலில் படுத்துத் தூங்கினேன். தமிழில் எழுதி, கீழே நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். மேனேஜருக்கு ஒரே ஆனந்தம். கலாசாரம் மாறுகிறது என்றார். அவர்கள் நாட்டில் கோர்ட்டாக இருந்தாலும் குடும்பமாக இருந்தாலும் தப்பை ஒப்புக்கொண்டவனுக்குத்தான் மரியாதை என்றார். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். காமன் சென்ஸ் என்றார். ஸ்டோர் கீப்பரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது.

நான்காவது மாதம் சரக்குத் தீர்ந்துபோனது. புதிதாக ஒன்றும் தோன்றாமல், நான்காம் மாடி கிழக்குப் பக்கச் சாரத்திலிருந்து ஒரு சுத்தியலைக் கீழே நழுவவிட்டேன் என்று எழுதினேன். நம்பும்படி இருக்கட்டும் என்றுதான் மாடியும் திசையும் சேர்த்தேன்.

மூன்று நாள் கழித்து ஸ்டோர் கீப்பர் என்னைக் கூப்பிட்டு ஒரு பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் காட்டினார். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர், சாரம் கட்டுபவர், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஃபோர்மேன் அட்டையைப் படித்திருக்கிறார், கிழக்குப் பக்கம் யாருக்கு டியூட்டி என்று பார்த்திருக்கிறார், கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அந்த ஆளும் ஆமாம் என்றிருக்கிறார். கலாஸ், கதை முடிந்தது; மேனேஜருக்குத் தெரியாமலே ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லியாகிவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் எட்டு மாதம்தான் முடிந்திருந்தது. ஊரில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது.

நான் இட்டுக்கட்டிய பாவத்துக்கு ஒரு மனிதர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்த மூட்டையை நான் கட்ட வேண்டியிருக்கும். குடும்ப விசாவுக்கு அப்போதுதான் மனுப் போட்டிருந்தேன். கழிவறைக்குள் நின்று பத்து நிமிடம் யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. பிறகு மேனேஜர் அறைக்குப் போனேன்.

ஃபோர்மேனையும் அந்த ஆளையும் கூப்பிடச் சொல்லிவிட்டு, இதுவரை வந்த பாவ அட்டைகள் எல்லாவற்றையும் நானே எழுதினேன் என்று சொன்னேன். ஃபோர்மேன் என் விசாவை அந்த நிமிடமே ரத்து செய்துவிடுவார்போல் எழுந்தார். மேனேஜர் முகம் சிவந்தது, வெளுத்தது, திரும்பவும் சிவந்தது. விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி வெகுநேரம் விழுங்கினார். தாத்தா எந்த மூலையிலிருந்து அவரை உற்றுப் பார்த்தாரோ தெரியவில்லை. கடைசியில், ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்றார். அந்த ஒரு சொல் வெளியே வர அவர் பட்ட பாட்டை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. யாரும் ஊருக்குப் போக வேண்டாம் என்று ஃபோர்மேனிடம் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு, செய்யாத தப்பை ஏன் ஒப்புக்கொண்டாய் என்று அந்த ஆளைக் கேட்கச் சொன்னார்.

நான் தமிழில் கேட்டேன்.

"செஞ்சதுதான் சார். ஆனா சுத்தி இல்ல, ஸ்பேனரு. போன மாசம் கை வழுக்கி விட்டுட்டேன். யாரோ பாத்து எழுதிட்டாங்கன்னு நெனச்சேன்."

"கீழ யாராவது இருந்தாங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "நீங்கதான் சார். போன் பேசிக்கிட்டே போனீங்க. ஒரு சாண் தள்ளி மணல்ல விழுந்துச்சு, நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. வீட்டுலதான் பேசுனீங்கபோல, சிரிச்சுக்கிட்டே போனீங்க. கூப்புட்டுச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். அந்தச் சிரிப்ப ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

சைட்டுக்குள் போன் பேசக் கூடாது என்று தினமும் காலையில் நானூறு பேருக்குச் சொல்பவன் நான்தான்.

என்ன சொல்கிறார் என்று மேனேஜர் கேட்டார். அவர் இரண்டாம் முறை கேட்டபோது, மேஜையிலிருந்த வெள்ளை அட்டை ஒன்றை இழுத்து, என் சொந்தக் கையெழுத்திலேயே எழுத ஆரம்பித்தேன்.