இருட்டில் குடித்த வெதுவெதுப்பான பீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் பிராந்திக் கடைக்கு நாகரிகம் வந்து சேர்ந்தது. நான் அப்போது புதுச்சேரியில் ஒரு துணி ஆலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தறியில் கருவடிக்குப்பத்துக்காரன் ஒருத்தன். சனிக்கிழமை பகல் ஷிப்ட் முடிந்ததும் இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போவோம். ஆளுக்கு ஒரு பீர், அதற்கு மேல் கிடையாது. அதற்கு மேல் போனால் அவனுக்குப் பாட்டு வந்துவிடும்.

பழைய கடையைத் தூக்கிவைத்துப் பேச நான் தயாரில்லை. நுழையும்போதே மூத்திர வாடை வரவேற்கும். மேசைக்கு ஒரு கால் எப்போதும் குட்டை. சுண்டலில் கல் கிடக்கும். ஆனால் பீர் மட்டும் பல் கூசும். மரத்தூளில் புதைத்த ஐஸ் பாளத்தைக் கடப்பாறையால் உடைத்து, தொட்டியில் போட்டு, அதில் பாட்டிலைப் படுக்கவைத்திருப்பார்கள். முதலாளி பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வரும் எவனையும், கைலி கட்டியவனையும் கூட, "வாங்க முசியே" என்பார். பிரெஞ்சில் அதற்கு 'ஐயா' என்று அர்த்தம். எங்களை முசியே என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தவரை அந்தக் கடைக்கு ராஜயோகம். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அங்கேயும் கடை திறந்ததும் கூட்டம் கரைந்துபோனது. அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் மகன் பம்பாயில் ஏதோ ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினான். கூட்டம் குறைந்ததற்குக் காரணம் சட்டம் மாறியது அல்ல, கடையில் 'அட்மாஸ்பியர்' இல்லாததுதான் என்று அப்பாவிடம் சாதித்தான். மூன்று மாதம் கடையைப் பூட்டி, தச்சர்களை உள்ளே விட்டான்.

திறந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை நாங்கள் போனோம். வாசலில் கறுப்புக் கண்ணாடிக் கதவு. உள்ளே காலெடுத்து வைத்ததும் கண் அவிந்துவிட்டது. வெளியே மணி ஐந்துகூட ஆகவில்லை, ஊரே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே மட்டும் அமாவாசை. மேசைக்கு மேலே ஆங்காங்கே ஜீரோ வாட்ஸ் சிவப்பு பல்பு. ஜன்னல்களை எல்லாம் பிளைவுட் அடித்து மூடி, மேலே மெரூன் ரெக்சின் ஒட்டியிருந்தான். கருவடிக்குப்பத்துக்காரன் முதலில் ஒரு நாற்காலியில் மோதினான், பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்மேல் மோதினான்.

"குட் ஈவினிங் சார்" என்றது ஒரு குரல். கிட்டே வந்து முகத்தை நீட்டிய பிறகுதான் தெரிந்தது, நெல்லித்தோப்பிலிருந்து வரும் எங்கள் பழைய சப்ளையர். லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு "வாண்ணே, வழக்கம்போலத்தானே?" என்று கேட்கிற மனுஷன். இப்போது கழுத்தில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கட்டியிருந்தார்.

"இன்னாப்பா இது, கழுத்துல?" என்றான் கருவடிக்குப்பத்துக்காரன்.

சப்ளையர் குனிந்து காதோடு சொன்னார். "அண்ணே, மெதுவா பேசு. மொதலாளி பையன் பாக்குறான். இங்கிலீஷ்லதான் பேசணும்னு ஆர்டரு. எனக்குத் தெரிஞ்சது குட் ஈவினிங் ஒண்ணுதான். மத்தத நீயே புரிஞ்சுக்கோ."

மெதுவாகப் பேசுவது என்பது எங்களால் ஆகாத காரியம். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக அடிக்கும் கூடத்தில் வயசைத் தொலைத்தவர்கள் நாங்கள். பெண்டாட்டியிடம் ரகசியம் சொன்னால் தெருமுனைவரை கேட்கும். முதலாளியின் மகன் வந்து, "சார், கொஞ்சம் வால்யூம்..." என்று ரேடியோவைச் சொல்வதுபோல எங்களைச் சொன்னான்.

மெனு கார்டு வந்தது. இருட்டில் அதைக் கையால் தடவிப் பார்த்தோம். நல்ல வழுவழுப்பான அட்டை. பீர் கேட்டோம். பாட்டிலாக வரவில்லை, பிடி வைத்த கண்ணாடி மக்கில் வந்தது. கூடவே சுண்டலுக்குப் பதில் உருளைக்கிழங்குக் குச்சிகள் ஏழெட்டு, காகிதத்தின் மேல் படுத்திருந்தன.

நான் ஒரு வாய் குடித்தேன். சுரம் வந்தவனுக்குக் கொடுக்கும் கஞ்சி எந்தச் சூட்டில் இருக்குமோ அந்தச் சூடு. கருவடிக்குப்பத்துக்காரன் குடித்துவிட்டு மக்கைக் கீழே வைத்தான்.

"ஏம்பா, இத காய்ச்சி எடுத்தாந்தியா?"

சப்ளையர் மறுபடி குனிந்தார். ஏசி மிஷின் ஓடினால் வோல்டேஜ் பத்துவதில்லையாம், ஃப்ரிட்ஜ் தானாக நின்றுவிடுகிறதாம். இரண்டில் ஒன்றுதான் ஓடும். ஐஸ் தொட்டியைப் பையன் காயலான் கடைக்குப் போட்டுவிட்டான். "ஏசிக்குத்தான் ஜனங்க வருதுன்னு பையன் சொல்லுது" என்றார். ஆக, குடிக்கிறவனுக்குக் குளிர், குடிக்கிற பீருக்கு வெக்கை. நான் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஞ்சும் புழுக்கமுமாகப் பழகிய உடம்பு அந்தக் குளிரில் நடுங்கியது. பின்னணியில் ஒரு டேப் ரெக்கார்டர் வார்த்தையே இல்லாமல் ஏதோ இசையை அழுதுகொண்டிருந்தது.

அப்போது எங்களுக்குப் பின்னால், சுவரோரத்து மேசையிலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூன்று முறை செருமி, கடைசியில் ஓர் இழுப்பு.

கருவடிக்குப்பத்துக்காரன் காதைத் தீட்டினான். "டேய், இந்தச் செருமல எங்கியோ கேட்டிருக்கேன்" என்றான், அவனுடைய வழக்கமான குரலில். சுவரோரத்து மேசை சட்டென்று அடங்கியது.

எனக்கும் கேட்ட செருமல்தான். எங்கள் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்ததும் முதலில் வருவது அதுதான். ஆனால் அவர் அங்கே இருக்க வழியில்லை. ஆளுக்கு இரண்டு தறி ஓட்டியதை நான்காக்க வேண்டும் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்திருந்த நேரம் அது. "நாலு தறின்னா என் பொணத்த தாண்டித்தான் போவணும்" என்று வாசல் கூட்டத்தில் சொல்லிவிட்டு, வக்கீலைப் பார்க்க மெட்ராஸ் போகிறேன் என்று முந்தின நாள்தான் கிளம்பியிருந்தார். பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு, நாங்கள் ஐம்பது பேர் கீழே நின்று கையசைத்தோம்.

நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது கரண்ட் போயிற்று.

அதற்குமுன் இருந்தது இருட்டே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஏசி நின்றது. இசை ஒரு முனகலோடு செத்தது. காற்று நுழைய ஒரு பொத்தல் கிடையாது. சிகரெட் புகை முகத்தில் வந்து அப்பியது. எங்கோ ஒரு மக் உடைந்தது. எல்லோரும் இருமினார்கள். கதவைத் தேடி எழுந்தவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். "யாரும் எழுந்திரிக்காதீங்க, ஜெனரேட்டர் அடுத்த மாசம் வருது" என்று மகன் கத்தினான்.

கல்லாப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். முதலாளியின் குரல் நிதானமாக வந்தது. "முசியே, ஒரு நிமிஷம் ஒக்காருங்க." ஐஸ் தொட்டி போனாலும் கடப்பாறையை அவர் பத்திரமாக வைத்திருந்தார் போலும். மடார் மடாரென்று அடி விழுந்தது.

"அப்பா! அது ஃபால்ஸ் வால்!"

"வாலும் வேணாம், தலையும் வேணாம். மனுஷன் மூச்சு வுடணும்டா!"

பிளைவுட் பிளந்து விழுந்தது. பழைய மரஜன்னலின் கொண்டியைத் தட்டித் திறந்தார். மேற்குப் பார்த்த ஜன்னல். மாலை வெயில் முழுவதும் நேராகச் சுவரோரத்து மேசைமேல் போய் விழுந்தது.

எங்கள் தலைவர் ஒரு கையில் மக், மறு கையில் சில்லி சிக்கன் காலோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஆலையின் லேபர் ஆபீசர்.

லேபர் ஆபீசர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார், யாரையும் பார்க்காமல் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். அது இழுக்க வேண்டிய கதவு. இரண்டு மூன்று தரம் தள்ளிப் பார்த்த பிறகு சப்ளையர் போய் இழுத்துவிட்டு, "குட் ஈவினிங் சார்" என்றார்.

கருவடிக்குப்பத்துக்காரன் தன் மக்கை எடுத்துக்கொண்டு போய், காலியான நாற்காலியில் உட்கார்ந்தான். "மெட்ராஸ் பஸ்சு சீக்கிரம் வந்துடுச்சு போல தலைவரே" என்றான்.

"தோழர், இது ரகசியப் பேச்சுவார்த்தை. எல்லாம் நம்ம நன்மைக்குத்தான்."

"எத்தினி தறிக்குப் பேசுனீங்க?"

தலைவர் செருமினார். சிக்கன் காலைத் தட்டில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் கருவடிக்குப்பத்துக்காரன் தான் பார்த்ததை எல்லோரிடமும் சொன்னான். அவன் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. நானும் கூடவே நின்று ஆமாம் போட்டேன். ஊரே கொதிக்கும் என்று இருவரும் நம்பினோம். தலைவர் ஸ்டூல்மேல் ஏறி மூன்று முறை செருமினார். "ஆமாம், போனேன்! ஏசி போட்ட பாருக்கே போனேன்! எதிரி என்னை அங்க கூப்டு, தனக்குச் சமமா ஒக்கார வச்சு, கெஞ்சுறான் தோழர்களே! இந்த மரியாத எனக்கா? ஒங்களுக்கு!"

கைதட்டல் ஓயச் சிறிது நேரம் ஆயிற்று. கோழி தின்றது அவர், மரியாதை எங்களுக்கு என்பதில் யாருக்கும் குறை தெரியவில்லை. கடைசியில் ஆளுக்கு மூன்று தறி என்று முடிவானது. நான்கு கேட்டவனை மூன்றுக்கு இறக்கிய வீரர் என்று தலைவருக்கு மாலை போட்டார்கள். அடுத்து வந்த சங்கத் தேர்தலில் கருவடிக்குப்பத்துக்காரன் அவரை எதிர்த்து நின்றான். எங்கள் வரிசைத் தறிக்காரர்களே அவனுக்கு முழுதாக ஓட்டுப் போடவில்லை. "ஒனக்கு ஆபீசர்ங்க பழக்கம் இல்லியே" என்று ஒருவர் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அந்தப் பாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மகன் ஜன்னலை மறுபடி மூடினான், இந்தத் தடவை செங்கல் வைத்து. ஜெனரேட்டர் வந்ததும் பீரும் குளிர்ந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒருமுறை போனேன், குறை சொல்ல முடியாத பீர். இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டு குடித்தேன். இருட்டுக்காகவே வருகிற ஜனம் ஊரில் அவ்வளவு இருந்தது. சுவரோரத்து மேசைகளில் முகமே தெரியாமல் யார் யாரோ யார் யாரிடமோ நன்மை பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளியைக் கல்லாவில் காணோம். வீட்டோடு இருக்கிறார் என்றார்கள்.

கருவடிக்குப்பத்துக்காரன் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சைக்கிளைக்கூட விடமாட்டான். எனக்குக் கிடைத்த மூன்றாவது தறி என் முதுகுக்குப் பின்னால், அடுத்த வரிசையில் இருந்தது. நூல் அறுந்ததா என்று பார்க்க நாளெல்லாம் திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆலை டாக்டரிடம் போனேன். அவர் கழுத்தைத் தொடாமலே, "குடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"எப்பவாச்சும் ஒரு பீருங்க."

"அதான்" என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார்.