ஒலிபெருக்கியில் போன என் குரல்

வீட்டிலிருந்தபடியே வெளியூர், வெளிநாட்டுக்காரர்களோடு பேச அனுமதிக்கும் அமெச்சூர் வானொலி உரிமம் என் கைக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். மோர்ஸ் தேர்வு எழுதி, போலீஸ் விசாரணை முடிந்து, வெகுநாள் காத்திருந்து வாங்கியது. நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். பழைய ராணுவ சாமான்களில் கிடைத்த வால்வுகளை வைத்து நானே செய்த டிரான்ஸ்மிட்டர் வாசல் அறையில் இருந்தது. ஏரியல் மொட்டைமாடியில்.

வைகாசி கருட சேவையன்று காலை, முதல் முறையாகக் கொழும்பிலிருந்து ஒருவர் எனக்குப் பதில் சொன்னார், அதுவும் தமிழில். காலையில் என்ன சாப்பாடு என்று கேட்டார்.

"இட்லி. என் வீட்டுக்காரர் ஊற்றினது. உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

அடுத்த நிமிடம் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் மைக் செட் கடைக்கார பாய் மூச்சிரைக்க நின்றார்.

"டீச்சர்மா, நிறுத்துங்கமா! நாதஸ்வரம் வரவேண்டிய ஸ்பீக்கர்ல நீங்க பேசிக்கினு இருக்கீங்க. தெருவே இட்லி கதைய கேட்டுக்கினு நிக்குது!"

எட்டிப் பார்த்தேன். கூட்டம் மொத்தமும் சிரித்துக்கொண்டிருந்தது. என் கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

விழாக் குழுவினர் புகார் எழுதிப் போட்டார்கள். மெட்ராஸிலிருந்து வயர்லெஸ் அதிகாரி வரும்வரை, உரிமம் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தவர் என் பதிவேட்டைப் புரட்டினார், கருவிகளை வைத்து அளந்தார்.

"உங்களுக்குக் கொடுத்த அலைவரிசையிலதாம்மா இருக்கீங்க. கொஞ்சம்கூட வெளிய போகல."

தெரு நீளத்துக்கு இழுத்த ஸ்பீக்கர் கம்பியே ஏரியல் மாதிரி என் குரலைப் பிடிக்கிறது என்று அவர் விளக்க, அவர் வரச்சொல்லியிருந்த பாயின் முகம் வாடியது.

"அப்போ தப்பு என்னுதா சார்?"

"யார் தப்பும் இல்ல. ரெண்டு பேர் வேலையும் நடக்கணும். சேர்ந்து வழி பாருங்க."

அன்று மாலையே பாய் தெருவில் மறுபடி ஸ்பீக்கர் கட்ட, என் குரல் உள்ளே நுழையாமல் தடுக்க இருவரும் ஆம்ப்ளிஃபயரில் சின்னச் சின்ன கண்டென்சர்களைப் பற்றவைத்தோம். கம்பிகளை இரட்டையாக முறுக்கிக் கட்டினோம். நான் உள்ளே பேச, என் கணவர் தெருவில் ஸ்பீக்கரடியில் நின்று, "ஒண்ணும் கேக்கல!" என்று கத்தினார். பாய் கைதட்டிச் சிரித்தார். இனி திருவிழா நாட்களில் சாமி எங்கள் தெருவைத் தாண்டும்வரை வாய் திறப்பதில்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் தன் மனைவியோடு வந்தார். அவர்களுக்குப் பேச உரிமம் இல்லை, கேட்கத் தடையில்லை. பினாங்கிலிருந்து ஒருவர், அங்கே நல்ல மழை என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பாய் ஹெட்போனை மனைவியின் காதில் வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.