நடுவால் அறுத்த கேக் கொப்பி

மார்கிறட்டின் கேக்கைத் தின்று பல் தப்பியவர்களில் நானும் ஒருத்தி. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு அவளுடையது. ஒவ்வொரு நத்தாருக்கும், பாலன் யேசு பிறந்த நாளுக்கு, கடதாசியில் சுற்றிய ஒரு துண்டு வேலிக்கு மேலால் வரும். கடித்தால் நறநறவென்னும். "கேக்குக்குள்ள கடல்மணல் விழுந்திட்டுதோ?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவள் முன்னால் மட்டும் "நல்லாயிருக்கு" என்போம். அவளும் நம்பினமாதிரி நிற்பாள்.

அந்தக் கேக்கின் கதை அவளுடைய அம்மாவின் கொப்பியில் தொடங்குகிறது. அம்மா மாதா கோயில் சுவாமியார் வீட்டுக் குசினியில் இருபது வருடம் சமைத்தவர். தெரிந்த பக்குவம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். 1956இல் அவர் கண்ணை மூடியதும் மார்கிறட்டும் அண்ணன் யாக்கோப்பும் சாமான்களைப் பிரித்தார்கள். வலை பாதி பாதி, கதிரை ஆளுக்கொன்று. கொப்பியைத்தான் இருவரும் விடவில்லை. "கலியாணம் கட்டாத உனக்கு என்னத்துக்கடி கேக்?" என்று கேட்ட யாக்கோப்பு, வலை அறுக்கிற கத்தியால் கொப்பியை நடு மடிப்போடு அறுத்து, முன்பாதியை அவள் மடியில் போட்டான்.

கேக் பக்குவம் இருந்ததோ சரியாக நடுவில். இடப் பக்கத்தில் சாமான்களின் அளவு, அது இவளுக்கு. வலப் பக்கத்தில் செய்கிற விதம், அது அவனுக்கு.

'கலியாணம் கட்டாத' என்ற அந்தச் சொல் அவளைச் சுட்டுவிட்டது. முப்பத்தாறு வயது, தையல் மெசினோடு தனிச் சீவியம். அண்ணனோடு கதை பேச்சை விட்டாள், கேக்கை விடவில்லை. வீம்பென்றால் அப்படியொரு வீம்பு! ரவையை வறுக்க வேண்டுமென்றுகூடத் தெரியாமல் ஆறு நத்தாருக்குப் பச்சை ரவைக் கேக் போட்டாள். அம்மா இருந்தபோது அவளுக்கு முட்டை அடிக்கிற வேலை மட்டுந்தான். அண்ணன் வீட்டிலோ அளவு தெரியாது. அங்கே ஒரு வருடம் களி, மறு வருடம் கரி. இரண்டு வீட்டையும் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

1962 வைகாசியில் யாக்கோப்பின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. மார்கிறட் தூக்கி வளர்த்த பிள்ளை. நாள் நெருங்கியும் அண்ணன் வீட்டிலிருந்து ஒருவரும் கலியாணத்துக்குச் சொல்ல வரவில்லை. ஒருநாள் சட்டை தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைக் கேட்டாள்: "சொல்லாட்டிலும் கோயில் வாசலில நிண்டு பாக்கலாம்தானே?"

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது யாக்கோப்பின் மனைவி யூலிற்றா ஒரு கூடை முட்டையோடு வந்தாள். மடியிலிருந்து கொப்பியின் மற்றப் பாதியை எடுத்தாள். வந்த சனமெல்லாத்துக்கும் கேக் துண்டு கொடுக்காமல் எங்கள் ஆட்களிடம் கலியாணம் ஏது?

"மச்சாள், உம்மட பாதியை எடும். அதுக்கு முதல் இந்தக் கடைசி வரியைப் பாரும். அவர் ஒவ்வொரு நத்தாருக்கும் இதை வாசிச்சுப்போட்டு, பேசாமல் மூடி வைக்கிறவர்."

அம்மாவின் எழுத்து: 'மார்கிறட் முட்டை அடிக்கட்டும். யாக்கோப்பு தணல் பார்க்கட்டும். மாறிச் செய்தால் கேக் எழும்பாது.'

மார்கிறட் அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு எழும்பிப் போய் ரவையை வறுத்தாள். என்னையும் கூப்பிட்டுப் பிளம்ஸ் துப்புரவாக்க விட்டாள். அவள் முட்டை அடிக்கத் தொடங்க, யூலிற்றா அடுப்பில் சட்டியைச் சூடேற்றி, அதை மூடின தகரத்தின் மேலேயும் தணலை அள்ளிக் குவித்தாள். அந்த நேரம் வேலிப் படலை திறந்தது. யாக்கோப்பு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே குசினிக்குள் வந்து அடுப்படியில் குந்தினான்.

"ஆர் இவ்வளவு தணல் போட்டது? கருகப்போகுது."

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேசிய முதல் பேச்சு. தகரத்திலிருந்த தணலில் பாதியை ஒதுக்கினான். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே சொன்னான்.

"கலியாணத்தண்டு கேக்கை நீதான் எல்லாருக்கும் குடுக்கவேணும், தங்கச்சி."

"ஓம்" என்றாள் மார்கிறட். அடிக்கிற கையை நிறுத்தவில்லை. கண்ணீர் முட்டைக்குள் விழாமல் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.