சம்பந்தம் பேசும் வீட்டில் ஜீன் டெஸ்ட்

என் கணவர் பீடியைக் கையால் தொட்டவர் இல்லை. ஆனாலும் நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும், பார்க்க வந்தவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒளிச்சு மறைச்சு குடிப்பாவளோ?" என்று கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாராவியில் எங்கள் தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேலேயே வீடு. ஒருவர் இருமினால் பக்கத்து வீட்டார் தூக்கம் போகிற இடத்தில் எதை ஒளிப்பது?

நுரையீரலிலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்கை ஜீன் டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார் செம்பூர் டாக்டர். ஜீனில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் கீமோ இல்லாமல் மாத்திரையிலேயே தொடங்கலாமாம். இவர் முடியவே முடியாது என்றுவிட்டார். அப்போது மகளுக்கு உல்லாஸ்நகரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம்.

"ஜீன்னா பரம்பரைலா? அவிய காதுல விழுந்தா, பிள்ளைக்கும் வரும்னுட்டு எந்திச்சுப் போயிருவாவ. கீமோவே குடுக்கட்டும்."

"உங்க உசுரைவிட அந்தச் சம்பந்தம் பெருசா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்தினேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாக மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போய், சம்பந்தம் பேசுகிற விஷயத்தையும் சொன்னேன்.

டாக்டர் இந்தியில் பொறுமையாக விளக்கினார். இது பெற்றோர் தந்த மாற்றமில்லை. நுரையீரலில் ஏதோ ஒரு செல்லில் பின்னால் ஏற்பட்டது. செல்லின் மேல் ஒரு சுவிட்ச் உண்டு. வெளியிலிருந்து செய்தி வந்தால்தான் அது செல்லைப் பெருகச் சொல்லும். அந்தச் சுவிட்சை உண்டாக்கும் ஜீன் மாறினால், செய்தி வராமலேயே அது பெருகச் சொல்லிக்கொண்டிருக்கும். மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓடுகிற தையல் மிஷின் மாதிரியா என்று கேட்டார் இவர். அதேதான் என்றார் டாக்டர். பெருகியவற்றில் சில, பக்கத்துச் செல்களின் பிடியை விட்டு ரத்தத்தில் இறங்கி வேறிடத்தில் குடியேறும். இவருக்கு இடுப்பெலும்பில் குடியேறியிருந்தது.

"அப்ப, என் மவளுக்குப் போவாதுல்லா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். நான் இந்தியில் கேட்டேன். போகாது என்றார் டாக்டர். உடனே இவர் டெஸ்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.

ரிப்போர்ட்டில் அந்த மாற்றம் இருந்தது. மாத்திரை அந்தச் சுவிட்சை அடைக்கும், ஆனால் செல்கள் ஒருநாள் வேறு வழி கண்டுபிடித்துவிடலாம் என்றார் டாக்டர். அது எப்போது என்று இவர் கேட்கவேயில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு டீ குடிக்க இறங்கிவிட்டார். குடையை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லித் திரும்பிப் போய் நான் கேட்டேன்.

"கல்யாணத்தைத் தள்ளிப் போடாதீர்கள்" என்றார் டாக்டர்.

டீக்கடைக்கு வந்து, உல்லாஸ்நகர்ல பேசி முடிச்சு அடுத்த மாசமே நிக்காஹ் வச்சிரலாம் என்றேன். பாவி மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்.