பஸ் ஓடாத நாளில் எடுத்த ஸ்கேன்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த சமயம். கள்ளக்குறிச்சியில் சாலை மறியல் என்றால் எங்கள் கண் ஆஸ்பத்திரி வெறிச்சோடிவிடும். அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து வரவேண்டிய டாக்டரும் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டார். ஓ.சி.டி. மெஷினும் அதன் டெக்னீஷியனான நானும்தான் மிச்சம்.

ஓ.சி.டி.க்கு ஊசி கிடையாது. தாடையை வைத்து ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும், விழித்திரையை அடுக்கடுக்காக வெட்டி வைத்த மாதிரி படம் வந்துவிடும்.

வந்தவர் குமாரசாமி. தியாகதுருகத்துக்காரர், வெள்ளிமலைக்கு பஸ் ஓட்டுகிறவர். கல் பறந்த நாட்களிலும் வண்டி எடுத்தவர் என்று டிப்போவில் அவருக்குத் தனி மரியாதை.

"மறியலு, வண்டி ஓடல. அதான் வந்தேம்மா. சோத்தாங்கை பக்கத்து கண்ணுல நடுவுல மங்கலா நிக்குது. ரோட்டுல வெள்ளக் கோடு நெளியுது."

நரம்பு வீக்கம் என்று வேறோர் இடத்தில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். "துன்ன துன்ன ஜாஸ்தி ஆவுதுங்க" என்றார்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு மாத்திரை கொடுத்தவர்கள் மேல் கோபம்தான் வந்தது. விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து, பூரி மாதிரி உப்பியிருந்தது. புது ரத்தக்குழாய் முளைத்துக் கசிந்தாலும் இப்படித் தண்ணீர் கோக்கும். அதற்குக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். அதனால் ரத்தக்குழாய் ஸ்கேனும் எடுத்தேன். புதுக் குழாய் எதுவும் இல்லை. படங்களையும் மாத்திரை விவரத்தையும் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

டாக்டர் உடனே கூப்பிட்டார்; ஸ்பீக்கரில் போட்டேன். "இது சி.எஸ்.ஆர்., விழித்திரைக்கு அடியில நீர் கசிஞ்சு தேங்கற நோய். இதுக்கு ஸ்டீராய்டு ஆகவே ஆகாது. மாத்திரை குடுத்தவங்ககிட்ட நானே பேசி நிறுத்தறேன். கண்ணு சரியாகிற வரைக்கும் பஸ் ஓட்டக் கூடாது. ரிப்போர்ட்ல போட்டுடுங்க."

குமாரசாமி எழுந்துவிட்டார். "போடாதீங்கம்மா! நாளைக்கு போலீசு காவலோட வண்டி வுடுறாங்க. நான் போவலன்னா, கல்லுக்கு பயந்துக்கினு கண்ணுன்னு கத வுடுறான்னு சொல்லுவானுங்க." அதோடு விடவில்லை. டிப்போ அதிகாரிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

"மெஷின்ல பார்த்தா எல்லாருக்கும் எதுனா தெரியத்தாம்மா செய்யும். நார்மல்னு போட்டு அனுப்பு. மலைக்கு ஆளு கம்மி" என்றார் அதிகாரி.

"நார்மல் ரிப்போர்ட்டுதானே வேணும்? நீங்க வந்து இந்த மெஷின்ல உக்காருங்க சார். உங்க கண்ணு நல்லாருந்தா, உங்க பேர்லயே போட்டுத் தரேன்."

"டிப்போ ஆளு ஒருத்தன் கூட இனிமே உங்க ஆஸ்பத்திரி படி ஏற மாட்டான், பாத்துக்கோ."

"ஏற வேணாம் சார்" என்று வைத்துவிட்டேன்.

குமாரசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன். "இது உங்க நல்ல கண்ணு. நடுவுல சின்னப் பள்ளம் தெரியுதா? இது வலது கண்ணு. பள்ளம் எங்க, நீங்களே காட்டுங்க."

விரலைக் கொண்டுபோனார், வைக்க இடமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மலையில வண்டி எறங்கசொல்ல, ஒரு வளைவுல கோடே காணாம பூடுச்சிம்மா. வண்டி நெறைய ஸ்கூல் புள்ளைங்க. யார்கிட்டயும் சொல்லல."

போனை எடுத்து அவரே அதிகாரியைக் கூப்பிட்டார். "சார், நாளைக்கு நான் வண்டி எடுக்கல. கண்ணு சரியில்ல. பயந்துட்டான்னு சொல்றவன் சொல்லிக்கட்டும்."

சில மாதத்தில் நீர் வற்றியது. டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஸ்டீயரிங்கைத் தொட்டார். டிப்போவில் சில பேர் இன்னும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்களாம். கல்லடிக்கு நடுவே ஓட்டுவதைவிட அந்த ஒரு போனுக்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ரிப்போர்ட்டை மாற்றச் சொல்லி அதிகாரி மிரட்டினால் எதிர்த்துப் பேசுவது சுலபம். நோயாளியே கெஞ்சும்போதுதான் கஷ்டம், அப்போதும் மாற்றாதீர்கள்.