செடெனாக் ஒப்பந்தம் செத்துப்போன மதியம்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது கொஞ்சம் மரியாதை. ஜொகூருக்கு வந்த புதிதில், இங்குள்ள மலாய்க்காரர்கள் பேச்சுக்கு நடுவே ஒரு தமிழ்ச் சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நம்பினேன். அந்தச் சொல் ‘மாத்தி’. தெப்ராவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு நாள் காலை லிஃப்ட் கதவு திறக்கவில்லை. காவலாளி கையை விரித்து, “லிஃப்ட் மாத்தி, பாங்” என்றார். பாங் என்றால் அண்ணன். மாத்திவிட்டார்களாம்! மதுரையில் எங்கள் கோர்ட் கட்டடத்து லிஃப்ட் பழுதானால் அதன் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு மறித்து வைப்பார்கள். அந்த நாற்காலி பழுதானால்தான் வேறு நாற்காலி வரும். இங்கே ஒரே இரவில் லிஃப்டையே மாற்றுகிறார்கள் என்று மெய்சிலிர்த்து, தெரிந்த மலாயில், “பாகுஸ்! பாகுஸ்!” என்றேன். நன்று, மிக நன்று. காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புது லிஃப்ட் வரும் என்று வெகுநேரம் நின்றிருந்துவிட்டுப் பதினோரு மாடி இறங்கிப் போனேன்.

அலுவலகத்தில் இதைப் பெருமையாகச் சொன்னபோதுதான் கலைவாணி என் கண்ணைத் திறந்தார். கலைவாணி எங்களோடு வேலை செய்யும் உள்ளூர் வக்கீல். பண்டார் தெங்காரா பக்கம் எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். “அலமாக்! சார், மாத்தின்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம். லிஃப்ட் செத்துப்போச்சுன்னு அவரு சொல்றாரு, நீங்க சூப்பர்னு கை தட்டிட்டு வந்திருக்கீங்க” என்றார். அன்றிலிருந்து அந்தச் சொல் என்னைத் துரத்த ஆரம்பித்தது. முட்டுச்சந்தின் முனையில் ‘ஜாலான் மாத்தி’ என்று பலகை, அதாவது செத்த சாலை. விளக்கு எரியாவிட்டால் மாத்தி, கார் நின்றுவிட்டால் மாத்தி. இந்த நாட்டில் பொருட்கள் பழுதாவதே இல்லை, நேரடியாக உயிரை விட்டுவிடுகின்றன. மாத்தி என்றால் சாவு, சாவைத் தவிர வேறில்லை என்று மனதில் ஆணி அடித்து வைத்துக்கொண்டேன். இது என் இரண்டாவது முட்டாள்தனம். முதலாவதைவிடப் பெரியது.

என் தொழிலைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் சட்ட நிறுவனம் ஒன்றில் நான் வக்கீல். மதுரையில் சீனியரிடம் நான் ஜூனியராக இருந்த காலத்தில் வக்கீல் என்றால் முழு வக்கீல். காலையில் ஜாமீன், அப்புறம் பாகப்பிரிவினை, டீ குடித்துவிட்டு விவாகரத்து, சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆடு செடியைத் தின்றுவிட்டது என்று வருகிறவருக்கு ஒரு நோட்டீஸ். கட்சிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் சீனியர் அதற்கும் ஒரு கஷாயம் சொல்லி அனுப்புவார். இங்கே அந்தக் கதையே கிடையாது. எங்கள் நிறுவனத்தில் ஒருவர் பூமிக்கு அடியில் போகிற கேபிளை மட்டும் பார்ப்பார். அதே கேபிள் பூமிக்கு மேலே தலையை நீட்டிவிட்டால் அது வேறொருவர் துறை. அவர் லண்டனில் தூங்கிக்கொண்டிருப்பார், எழுந்ததும் பதில் வரும். மலேசியச் சட்டத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது. அது கலைவாணி துறை. என் பங்குக்கு வந்த நிபுணத்துவம், கெட்டது நடந்தால் என்ன செய்வது என்பது. டேட்டா சென்டர் ஒப்பந்தங்களில் வெள்ளம் வந்தால், மின்சாரம் போனால், தண்ணீர் நின்றால் யார் பொறுப்பு என்ற பகுதியை எழுதுகிறவன் நான். சுருக்கமாகச் சொன்னால், முன்கூட்டியே பதறுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ஆசியாவில் இல்லை என்று என் மனைவி மாலதி சொல்வாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் கையில் இருந்தது செடெனாக் ஒப்பந்தம். செடெனாக்கில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள் நின்ற ஒரு நிலத்தில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று டேட்டா சென்டர் கட்டப்போகிறது. இடம் பார்க்கப் போனபோது கலைவாணி காரை ஓரமாக நிறுத்திவிட்டு, “எங்க தாத்தாவெல்லாம் இந்த மாதிரி எடத்துலதான் வேர்த்து ஊத்தி நின்னாங்க. இப்ப இங்க கம்ப்யூட்டருக்கு ஏர்கான் போடப் போறாங்க. மனுசனுக்கு அப்ப ஒரு ஃபேன் கூட இல்ல சார்” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை. இந்த ஒப்பந்தம் நிலைத்தால் என் ஜொகூர் வேலை நிரந்தரம், விழுந்தால் மூட்டையைக் கட்டலாம் என்று சிங்கப்பூரில் இருக்கும் மேலதிகாரி இனிமையாகச் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால் மதுரையிலிருந்து மாலதியும் மகள் யாழினியும் வந்துவிடுவதாகப் பேச்சு. இரண்டு வருடமாகத் தொலைபேசித் திரையில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். மாலதி ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. போகிறீர்களா இருக்கிறீர்களா என்று இன்றைக்குச் சொல்லிவிடுங்கள், உங்கள் இடத்துக்கு ஒரு பெண் காத்திருக்கிறாள் என்று கல்லூரி முதல்வர் கெடு வைத்திருந்தார். அந்த ‘இன்றைக்கு’தான் நான் சொல்லப்போகும் நாள்.

முந்தின நாளே எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிடு என்று மாலதியிடம் சொல்லிவிட்டு, சிங்கம் மாதிரி நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது பத்திரங்களைப் பதிவு செய்யும் வேலையெல்லாம் பார்க்கும் மலாய்க்காரர் ஜூல் என் அறைக்குள் தலையை நீட்டினார். முகம் கொள்ளாத சிரிப்பு.

“போஸ், செடெனாக் பெர்ஜன்ஜியான் சுடா மாத்தி செத்தெம்!”

இதற்குள் என் மலாய் வளர்ந்திருந்தது, அதுதான் ஆபத்து. பெர்ஜன்ஜியான் என்றால் ஒப்பந்தம். சுடா என்றால் ஆகிவிட்டது. மாத்தி உங்களுக்கே தெரியும். கடைசியில் வந்த ‘செத்தெம்’ என் காதில் சுத்தத் தமிழாக, ‘செத்தோம்’ என்று விழுந்தது. ஒப்பந்தம் மலாயில் ஒரு முறை செத்து, தமிழில் இன்னொரு முறை செத்து, எங்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தமிழ் தெரியாத ஜூல் எனக்காகவே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு வந்து சொல்கிறாரே என்று நடுவில் ஒரு கணம் நெகிழ்ந்தும் போனேன். வக்கீல் ஆயிற்றே, குறுக்கு விசாரணை செய்யாமல் விடலாமா?

“பெத்துல் மாத்தி?” நிஜமாகவே செத்துவிட்டதா?

“பெத்துல் லா, போஸ். செமுவா மாத்தி.” நிஜம்தான், எல்லாம் செத்தது. ஜூல் நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார். நான்கு பிரதிகளும்!

“சியாப்பா புவாட்?” யார் செய்தது?

ஜூல் நெஞ்சில் கை வைத்துப் பணிவாகச் சொன்னார். “சாயா லா, போஸ்.” நான்தான்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கொலையும் செய்துவிட்டு இவ்வளவு மலர்ச்சியாக ஒரு மனிதர் நாசி லெமாக் சாப்பிடப் போவதை நான் எங்கள் கிரிமினல் கோர்ட்டில்கூடப் பார்த்ததில்லை. என் கை தானாகத் தொலைபேசியை எடுத்தது.

“மாலு, லெட்டரைக் கொடுத்துட்டியா?”

“பிரின்ஸிபால் ரூம் வாசல்லதாங்க நிக்கிறேன். உள்ள ஆள் இருக்கு. ஏன்?”

“கொடுக்காத. செத்துப்போச்சு.”

“ஐயையோ, யாருங்க?”

“அக்ரிமெண்ட்.”

“அக்ரிமெண்டுக்கா இந்தக் குரல்ல பேசுறீங்க? உங்க பெரியப்பாவோன்னு நெனச்சுட்டேன். நல்லா விசாரிச்சீங்களா?”

“பண்ணவனே ஒத்துக்கிட்டான் மாலு. நாலு காப்பி. ஒண்ணுகூடப் பிழைக்கல.”

“சரி, வைங்க. கூப்பிடுறாங்க.”

சிங்கப்பூர் மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, படித்துப் பார்த்தால் அது அச்சு அசலாக மதுரைச் சுவரொட்டிகளில் வரும் கண்ணீர் அஞ்சலி மாதிரி இருந்தது. நல்லடக்கம் எப்போது என்பது மட்டும்தான் பாக்கி. எந்தப் பிரிவின் கீழ் யார் பொறுப்பு என்று நானே எழுதிய பக்கங்களைப் புரட்டினேன். வெள்ளம் இருந்தது, தீ இருந்தது, எரிமலை கூட இருந்தது. ஜூல் இல்லை. அந்த நேரம் கலைவாணி, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீரை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

“என்ன சார், முகம் இப்படிச் சுண்டிக் கெடக்கு? காலையிலேருந்து பசியாறலியா?”

“செடெனாக் போயிருச்சு கலைவாணி. ஜூல் சாகடிச்சுட்டார்.”

சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் திரும்பிய ஜூலைக் கலைவாணி என் அறை வாசலில் மடக்கி என்னவோ கேட்டார். “சுடா மாத்தி செத்தெம், காக்!” என்று அக்கா முறை வைத்துப் பதில் வந்தது, அதே மலர்ச்சியோடு. கலைவாணி ஜூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தேநீர் பாதி தரைக்குப் போனது.

“சார்! அது செத்தோம் இல்ல, செத்தெம்! ஸ்டாம்பு, முத்திரை! மாத்தி செத்தெம்னா பத்திரத்துக்கு ஸ்டாம்பு குத்தியாச்சுன்னு அர்த்தம் லா!”

“அப்ப மாத்தி எதுக்கு?”

“ஒட்டுன ஸ்டாம்ப உரிச்சு இன்னொரு பத்திரத்துல ஒட்டிரக் கூடாதுல்ல? அதுக்கு மேல ஒரு குத்துக் குத்தி அதைச் சாகடிப்பாங்க. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தான், பேச்சு மட்டும் மாறல. ஸ்டாம்பு செத்தாத்தான் சார் அக்ரிமெண்டுக்கு உசுரு.”

நண்பர்களே, அப்போதுதான் எனக்கு உண்மையாகவே வெட்கம் வந்தது. மதுரையில் இருபது வருடம் இதைத்தானே செய்தேன்! முத்திரை வில்லையை ஒட்டி, அதன் குறுக்கே கோடு இழுத்து, ‘ஸ்டாம்பைக் கேன்சல் பண்ணியாச்சு’ என்று குமாஸ்தா கத்துவார். பத்திரமே கேன்சல் ஆகிவிட்டது என்று எந்தக் கட்சிக்காரரும் தலையில் அடித்துக்கொண்டு அழுததில்லை. அந்த ஊரில் ரத்து செய்கிறோம், இந்த ஊரில் சாகடிக்கிறார்கள். முத்திரையின் விதி எங்கேயும் ஒன்றுதான்.

“வீட்டுல யாருகிட்டயும் சொல்லிறலியே?” என்றார் கலைவாணி. நான் தொலைபேசியைப் பார்த்தேன். “சொல்லிட்டீங்களா! கால் பண்ணுங்க சார், சீக்கிரம்!”

முதலில் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. பிறகு மாலதியே கூப்பிட்டாள். குரலில் ஒரு குதூகலம்.

“போகலைன்னு சொல்லிட்டேங்க. பிரின்ஸிபாலுக்கு ரொம்ப சந்தோஷம். காத்திட்டிருந்த பொண்ணுக்கு என் முன்னாடியே போன் பண்ணி, இடம் இல்லம்மான்னு சொல்லிட்டாங்க. என்னைய ஹாஸ்டல் வார்டனாவும் போட்டுட்டாங்க.”

“மாலு, அது சாகல.”

“எது?”

“அக்ரிமெண்ட். நல்லாத்தான் இருக்கு. ஸ்டாம்புதான் செத்திருக்கு.”

நான் முழுக் கதையையும் சொன்னேன். கடைசியில், “கல்யாணமானதிலிருந்து முதமுறையா நீங்க சொன்னதைக் கேட்டு ஒரு காரியம் பண்ணியிருக்கேன்” என்றாள்.

“இப்பவே திரும்பப் போய்ச் சொன்னா...”

“போறேன்னேன், இருக்கேன்னேன். மறுபடி போறேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது? ஒரு வருசத்துக்கு ஒரு தடவைதாங்க உங்க பேச்சைக் கேக்க முடியும்.”

யாழினி அன்று சாயங்காலம் பேசினாள். பள்ளியை விட்டு வர விருப்பமில்லாத பிள்ளை. போகவில்லை என்று கேட்டதும் தோழிகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டாளாம். “அப்பா, அது நெஜமாவே சாகலையா? கொஞ்சங்கூட?” என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையை என்னால் மறக்க முடியவில்லை.

அவர்கள் வரப்போகிறார்கள் என்று மூன்று படுக்கையறை வீடாகப் பிடித்திருந்தேன். இப்போது முறை வைத்து, ஒரு வாரம் ஒரு அறையில் படுக்கிறேன். யாழினியின் அறையில் படுக்கும் வாரங்களில் அவளுக்கென்று வாங்கிய மேசையில் உட்கார்ந்து, திரையில் தெரியும் மதுரை மேசையில் அவள் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்க்கிறேன். பின்னால் மாலதி ஹாஸ்டல் பெண்களை அதட்டும் குரல் கேட்கும். சில சமயம் என்னையும் சேர்த்து அதட்டுகிறாளோ என்று முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். ஒப்பந்தத்துக்கு முத்திரை விழுந்தது, என் வேலை நிரந்தரமானது, அவர்கள் இருவரும் அடுத்த கல்வியாண்டில்தான் வருகிறார்கள்.